பாகான் செராயில் ஐந்து நாள்

நாள் 1, புதன்

பயணக் கட்டுரை என்றதும் அருவி, கடற்கரை, சாப்பாட்டுக் கடை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே திரும்பிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் பாகான் செராய்க்கு யாரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நான் வந்தது அத்தையைப் பார்த்துக்கொள்ள. அத்தைக்கு 85 வயது. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வீட்டோடுதான், கண்ணில் புரை வேறு. கூடவே இருக்கும் மச்சானுக்கு ஜொகூரில் மகள் பிரசவம். "மாப்ள, அஞ்சே நாளு, நீ வந்து இருந்துக்க" என்றார். லீவு இருந்தது, வந்துவிட்டேன்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறினால் ஈப்போ, கோலகங்சார், தைப்பிங். தைப்பிங் தாண்டியதும் மலை விலகிக்கொள்ளும், அப்புறம் எல்லாம் தரைமட்டம். வயல், வாய்க்கால், செம்பனை, மறுபடியும் வயல். 1906-ல் வெள்ளைக்காரன் கட்டி முடித்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்து வாய்க்கால்கள் இன்னமும் ஓடுகின்றன. எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தது நெல்லுக்கு இல்லை, கரும்புக்கு. பிறகு கரும்பை அழித்துக் கித்தா (ரப்பர்) போட்டார்கள், கித்தாவை அழித்துச் செம்பனை போட்டார்கள். அத்தை பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது ஒரு கித்தா மரம்கூட இல்லை. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை இடித்தபோது டவுன் ஓரத்தில் மலிவு விலை வீடு கிடைத்தது, வரிசை வீடு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: என் தங்கை 14 மாதத்துக்கு முன் இறந்துபோனாள். மார்புப் புற்றுநோய். 38 வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவளை அடக்கம் பண்ணிய அன்று எங்கள் கத்தோலிக்கக் கோவிலிலிருந்து வெளியே வந்தவன்தான், பிறகு உள்ளே போகவில்லை. சபதமெல்லாம் இல்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி எட்டு மணி. அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தம்பி, புத்தகத்த எடு" என்றார். அட்டை போய், டேப் ஒட்டி, எண்ணெய் ஏறிய ஜெபப் புத்தகம். "எனக்கு மூச்சு வாங்குது, பாதிதான் சொல்ல முடியும். மீதிப் பாதிய ஆள் சொல்லணும்." நான் இப்போதெல்லாம் கோவிலுக்கே போவதில்லை என்று இழுத்தேன். "தெரியும். கோவிலுக்கா கூப்ட்டேன்? புத்தகத்த எடு."

எடுத்தேன். ஜெபமாலையின் ஐந்து பத்து மணியும் சொன்னேன், வாய் சொன்னது, மனசு எங்கேயோ இருந்தது. கடைசியில் கிருபை தயாபத்து மந்திரம் வந்தது. "பரதேசிகளாயிருக்கிற நாங்கள்", "இந்தக் கண்ணீர்க் கணவாயிலே" என்றெல்லாம் வருமே, அது. சின்ன வயதில் இதை வேகவேகமாக ஒப்பிப்போம், சீக்கிரம் முடித்தால்தான் டிவி. இன்றைக்குப் படிக்கும்போது அந்தப் பரதேசி என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கப்பலில் வந்து, காட்டை வெட்டி, லயத்தில் படுத்து, கடைசியில் லயமும் இல்லாமல் போன சனம் நூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ராத்திரியும் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறது. அதன் அர்த்தத்தை யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க வேண்டியதில்லை.

நாள் 2, வியாழன், ஜூலை 3

காலையில் அத்தைக்குக் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, நானும் பசியாற வெளியே போனேன். மூலைக் கடையில் ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். கடைக்காரர் அத்தையைப் பற்றி விசாரித்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக்கொண்டார்.

அப்படியே சூசைபாளையம் வரை நடந்தேன். பேரைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் ஏதோ ஊர் என்று நினைக்கத் தோன்றும். 1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு சாமியார், பாரிஸ் மிஷன் சபைக்காரர், தமிழ்க் கத்தோலிக்கர்களை இங்கே குடியமர்த்தினார். பின்னாளில் அவரே மலாக்கா ஆயர், 1896 முதல் 1904 வரை. சூசையப்பர் கோவில் அந்தக் காலத்து வேர். நான் ரோட்டோரமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று தோமையார் திருநாள். காலண்டரைப் பார்த்து அத்தைதான் சொன்னார். சந்தேகப்பட்ட தோமா என்று ஒரே வரியில் அந்த மனுஷனை முடித்துவிடுகிறோம், பாவம். யோவான் 20-ஆம் அதிகாரத்தை இன்று மத்தியானம் போனில் திறந்து படித்தேன். எனக்கு இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. இயேசு உயிர்த்த பிறகு மற்ற பத்துச் சீடர்களும் "ஆண்டவரைக் கண்டோம்" என்கிறார்கள், தோமா நம்பமாட்டேன் என்கிறார், அப்புறம் எட்டு நாள் கழிகிறது. அந்த எட்டு நாளுக்குப் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் அதே கூட்டத்தில் தோமாவும் இருக்கிறார். நம்பாமலேயே அங்கேயே இருந்திருக்கிறார். அவரும் கிளம்பிப் போகவில்லை, நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களும் விரட்டவில்லை. அந்த எட்டு நாள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், சாப்பாட்டு நேரத்தில் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. எனக்கு வேண்டியது அந்த எட்டு நாள்தான். என்னுடையது 14 மாதம்.

மத்தியானம் அத்தை தாத்தாவைப் பற்றிப் பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்கு (தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அத்தைக்கு அப்போது மூன்று வயது, என் அப்பா பாட்டியின் வயிற்றில். பர்மாவுக்குப் போட்ட அந்தத் தண்டவாளம் 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள் என்பதெல்லாம் நான் படித்தது. அத்தை சொன்னது வேறு. பூசையில் வேண்டிக்கொள்ளப் பேர் எழுதிக் கொடுப்போம் இல்லையா, பாட்டி தாத்தாவின் பேரை உயிரோடு இருப்பவர்கள் சீட்டில்தான் எழுதச் சொல்வாராம். சண்டை முடிந்து பல வருடம் ஆகியும் அதே சீட்டு. உபதேசியார் ஏதாவது சொன்னால் முறைப்பாராம். அப்புறம் ஒரு நவம்பர் 2, ஆத்துமாக்கள் திருநாள், யாரும் எதுவும் சொல்லாமல் பாட்டியே இறந்தவர்கள் சீட்டில் எழுதச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சமைக்கவில்லை.

நம்பிக்கை என்றால் பாறை மாதிரி, அசையாது என்று பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் பாட்டியின் நம்பிக்கை ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்குப் போக எத்தனையோ வருடம் எடுத்திருக்கிறது. ஆனால் ஒரு வாரம்கூடச் சீட்டு எழுதாமல் இருந்ததில்லை.

ராத்திரி ஜெபமாலை. வியாழனுக்குத் தியானிக்க வேண்டியது ஒளியின் மறைபொருள் என்று எடுக்கப் போனேன். "அது இப்ப வந்தது, நமக்கு வேணாம், சந்தோஷத்த எடு" என்றார் அத்தை. இரண்டாம் யோவான் பவுல் 2002-ல் சேர்த்தது. அத்தைக்கு 2002 என்றால் நேற்று.

மூன்றாவது பத்தில் அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. விடவே இல்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து முதுகைத் தடவிக்கொண்டே நான் "அருள் நிறைந்த மரியே" என்று என் பாதியைச் சொல்லிவிட்டேன், பழக்க தோஷம். பதில் பாதி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." ஒரு எழுத்து பிசகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா. சுத்தமான மாரியம்மன் பக்தை, வருஷா வருஷம் தீமிதிக்கு விரதம் இருப்பவர். தோட்டத்தில் லயத்திலும் அத்தைக்குப் பக்கத்து வீடு இவர்தான். நாற்பது வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுப் பாடம். அந்தப் பத்து முடியும் வரை அவரே சொன்னார். முடிந்ததும், "அம்மாவுக்கு என்னா தம்பி, இருமல் மருந்து இருக்கா?" என்று கத்தினார்.

நாள் 3, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நன்மை (நற்கருணை) கொண்டுவருவார்கள். காலையிலேயே அத்தை வெள்ளைச் சேலை கேட்டார், மேசையில் துணி விரித்து, மெழுகுவர்த்தி, சுரூபம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல வைத்தேன். வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மோட்டார் சைக்கிளில் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தலைசீவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அது எனக்குப் பிடித்தது. "தம்பிக்கும் இருக்கு, வாங்குறீங்களா?" என்றார். "இல்லை சார், தயாரா இல்லை" என்றேன். தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். அதுவும் பிடித்தது.

ஏனென்றால் தங்கை படுத்திருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் இப்படி இருக்கவில்லை. கடவுள் நேசிப்பவர்களைத்தான் சோதிப்பார் என்றார்கள். தாங்க முடிந்ததைத்தான் கொடுப்பார் என்றார்கள். ஒருவர் (வேற சபைக்காரர், கூப்பிடாமலே வந்தவர்) தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, இன்னும் முழு விசுவாசம் வரவில்லை, அதனால்தான் சுகம் தடைபடுகிறது என்றார். மூன்றாவது கீமோ முடிந்து வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்தவளிடம் சொன்னார். நான் அவரை வெளியே அனுப்பினேன், மரியாதையாக இல்லை. தங்கை அன்றைக்கு ராத்திரி என்னிடம் கேட்டாள், "அண்ணே, என்கிட்டதான் குறையா?" இன்றுவரை எனக்கு ஆறாதது சாவுகூட இல்லை, இந்தக் கேள்வி.

பைபிளில், குற்றம் செய்யாமலே எல்லாம் இழந்த யோபுவின் கதையில் இவர்கள்தான் நண்பர்கள். 42 அதிகாரத்தில் நிறைய இடம் இந்த மாதிரி ஆறுதல்தான், நீ ஏதோ செய்திருப்பாய் என்று. யோபு விடாமல் எதிர்த்துப் பேசுகிறார், கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுகிறார். கடைசியில் கடவுள் யாரைக் கோபிக்கிறார் பாருங்கள், கடவுளுக்காக வக்கீலாக நின்ற நண்பர்களை. என்னைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், நீங்கள் இல்லை என்கிறார். யோபு கேட்ட ஏன் என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை பதில் இல்லை.

அத்தை வீட்டுச் சுவரில் தேவசகாயம் பிள்ளை படம் இருக்கிறது, 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது யாரோ கொடுத்தது. அவர் மனம் மாறிய கதையே யோபுவில்தான் ஆரம்பம். நீலகண்டப் பிள்ளையாக இருந்தபோது சொத்தில் அடிமேல் அடி விழுந்து நொந்துபோயிருந்தவருக்கு, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அதற்குப் பிறகு சௌக்கியமாக வாழ்ந்தாரா என்றால் இல்லை, சங்கிலி, சவுக்கடி, கடைசியில் 1752-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். வந்தால் கஷ்டம் தீரும் என்று சொல்லி யாரும் அவரை ஏமாற்றவில்லை. கதையைத் தெரிந்துதான் வந்தார்.

இன்னொரு படம் ரோஜாப்பூ பிடித்த குழந்தை தெரேசா. 1897-ல் காசநோயில் இறந்தபோது 24 வயது. கடைசி ஒன்றரை வருஷம் மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லையோ என்ற எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது, விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கல்கத்தா அன்னை தெரேசா விஷயமும் அப்படித்தான், 2007-ல் அவர் கடிதங்கள் வெளிவந்த பிறகுதான் பல பத்து வருஷம் உள்ளே ஒரே இருட்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு ரோஜாப்பூவை மட்டும்தான் சொன்னார்கள். இதையும் சொல்லியிருக்கலாம்.

சரி, பிறகு ஏன் விட்டுவிடக்கூடாது? என் நண்பன் கேட்பது இதுதான். அவனுக்குக் கடவுள் இல்லை, ஆனால் கீமோ நடந்த ஆறு மாதமும் வாரம் இரண்டு தடவை சமைத்துக் கொண்டுவந்தவன் அவன், பங்கில் அன்பியக் கூட்டத்தில் அன்பைப் பற்றிப் பேசிய பலர் எட்டிப் பார்க்கவில்லை. சாமியார்கள் சிலர் செய்த அசிங்கங்களும் அதை மூடி மறைத்ததும் எல்லாருக்கும் தெரியும். அதனால் நல்லவனாக இருக்க நம்பிக்கை வேண்டும் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் 14 மாதம் விட்டுத்தான் பார்த்தேன். தங்கையின் சாவு கொஞ்சம்கூடக் குறையவில்லை. நான் கோபப்பட ஆள் இல்லாமல் போனதுதான் வித்தியாசம். காரில் தனியாகப் போகும்போது ஏன் இப்படிச் செய்தாய் என்று சத்தமாகக் கேட்பேன், கேட்ட பிறகுதான் உறைக்கும், யாரைக் கேட்கிறேன்? இல்லாத ஆளிடம் இவ்வளவு கோபம் வருமா? இது நிரூபணம் இல்லை, நண்பன் படித்தால் சிரிப்பான், சிரிக்கட்டும். இந்த மதத்தில் அந்தக் கேள்வியைக் கடவுளின் மகனே சிலுவையில் கேட்கிறார், "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதற்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. அதை மறைக்காமல் எழுதி வைத்து, ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் நின்றுகொண்டு கேட்க வாசிக்கிறார்கள். துன்பம் ஏன் என்பதற்கு அவசரப் பதில் எதுவும் போதாது என்று 1992-ல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலே 309-ஆம் எண்ணில் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பக்கத்தைத் தங்கை கட்டிலுக்கு வந்தவர்களில் யாரும் படித்திருக்கவில்லை போல.

ராத்திரி துக்க தேவ இரகசியம். அத்தைக்கு இருமல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடியது.

நாள் 4, சனி

அத்தைக்கு அன்னம்மாள் கோவில் தண்ணீர் வேண்டும். காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அத்தையோடு இருக்கச் சொல்லிவிட்டுப் புக்கிட் மெர்தாஜாம் போனேன், ரெண்டு பாட்டிலோடு. ஜூலை 26 திருநாளுக்கு இந்த இடத்தில் நிற்க இடம் இருக்காது, தமிழர், சீனர், சபாவின் கடசான் மக்கள், சரவாக்கிலிருந்து வருபவர்கள், வேற மதத்துக்காரர்கள், எல்லாரும் மெழுகுவர்த்தியோடு. இன்று அமைதி. பந்தலுக்குக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே 2002-ல் கட்டிய பெரிய கோவில், கூரை மினாங்கபாவ் வீடு மாதிரி கொம்பு வைத்தது. மேலே 1888-ல் கட்டிய பழைய கோவில். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் இந்தப் பகுதியைக் கறுப்பு வட்டாரமாக்கி அடைத்துவிட்டதால் வருஷக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த கோவில் அது.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கையோடு இங்கே வந்தேன். சுகமானால் அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டது நான்தான். "என் உயரம்னா உனக்குச் செலவு கம்மிதான்ணே" என்றாள், அவள் ஐந்தடிகூட இல்லை. இன்றைக்கு மெழுகுவர்த்திக் கடையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். சுகமாகவில்லை, கடனும் இல்லை. கணக்கு சரி.

ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. கெடா பக்கம் போலிருக்கிறது. அப்பா, அம்மா, பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண். பெண்ணின் தலையில் தொப்பி, புருவம் இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று அப்பா போனை நீட்டினார். எடுத்தேன், கை கொஞ்சம் ஆடியது, மறுபடி எடுத்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவும் வரவில்லை, அதைச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. "பாப்பா பேரு என்ன?" என்று மட்டும் கேட்டேன். சொன்னாள்.

ராத்திரி ஆரம்பிக்கும் முன் அத்தை வழக்கம்போல், "யாருக்காக?" என்றார். மூன்று நாளும் "சும்மா, பொதுவா" என்று தட்டிவிட்டேன். இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னேன். யார் என்று அத்தை கேட்கவில்லை.

நாள் 5, ஞாயிறு

காலையில் மச்சான் வந்துவிட்டார், பேத்தி பிறந்திருக்கிறாள், மூன்று கிலோ. இரண்டு பேருமாக அத்தையைச் சக்கர நாற்காலியில் பூசைக்குக் கொண்டுபோனோம். தூக்கி இறக்குகிற ஆள் வெளியே நிற்க முடியாது, நானும் உள்ளேதான் இருந்தேன், கடைசி பெஞ்சு, மின்விசிறிக்கு நேர் கீழே. பிரசங்கம் சுமார்தான். எல்லாரும் வரிசையில் போனபோது நான் நன்மை வாங்கவில்லை, பாவசங்கீர்த்தனம் பண்ணவில்லை, பண்ணுவேனா என்றும் தெரியாது. ஆனால் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நடுவில் எனக்கு நின்றுபோனது, சுற்றி இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள், "மரித்தோருடைய உத்தானத்தை" என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ரயில். அத்தை ஒரு பாட்டில் தண்ணீரை என் பையில் வைக்கச் சொன்னார், தங்கை பிள்ளைகளுக்காம். புத்தகத்தை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

எட்டு மணிக்குத் தைப்பிங் தாண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சான். "மாப்ள, அம்மா உன்னையும் சேர்த்துக்கச் சொல்றாங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்." ஓடுகிற ரயிலில், பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் கேம் ஆடிக்கொண்டிருக்க, இயர்போனை மாட்டிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். இன்று மகிமை. மச்சான் முன்பாதி, அத்தையும் நானும் பின்பாதி. இரண்டாம் பத்தில் மூன்றாவது மணி சொல்லும்போது பெராப்பிட் சுரங்கம் வந்துவிட்டது, மூன்று கிலோமீட்டருக்கு மேல், லைன் கட். கண்ணாடியில் என் முகம் மட்டும். வாயில் பாதி வாக்கியம், விரல் மூன்றாவது மணியிலேயே.

வெளியே வந்து, இரண்டு கோடு சிக்னல் வந்து, மறுபடி கூப்பிட்டேன். எடுத்தது யார் என்று தெரியவில்லை, யாரும் ஹலோ சொல்லவில்லை. எட்டாவது மணியில் இருந்தார்கள்.